ஐந்து பத்தொன்பதுக்குச் சுருங்கிய ஆட்டம்

மருதனார்மடச் சந்தியில் கொம்பியூட்டர் திருத்துகிற சீவரத்தினத்தைத் தெரியாதவர்கள் இருந்தால், அவர்களுடைய கொம்பியூட்டர் இன்னும் பழுதாகவில்லை என்றுதான் அர்த்தம். ஆறாம் வகுப்போடு புத்தகப்பையைக் கழற்றி வைத்த மனிதர். மின்சாரம் இல்லாத அந்தப் போர் வருடங்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றி, அயலட்டை முழுவதையும் வானொலிச் செய்தி கேட்க வைத்தவர். பிறகு தொலைக்காட்சி, பிறகு கொம்பியூட்டர். எல்லாவற்றையும் கழற்றிக் கழற்றியேதான் படித்தார். சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியவர்கள் கைவிட்ட பெட்டிகள் எத்தனையோ அவருடைய மேசையில் எழுந்து உட்கார்ந்திருக்கின்றன. அதைச் சொல்லிக்கொள்ள அவர் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை. ஏன் கூச்சப்பட வேண்டும்? செய்தவன்தானே சொல்கிறான்.

அப்பேர்ப்பட்டவரை ஒரு மார்கழி மாதத்தில் ஒரு விளையாட்டு ஒரு கிழமை முழுக்க ஆட்டிவைத்தது.

இணுவிலில் சோதிடம் பார்க்கிற கதிரவேலுச் சாத்திரியாரின் மகள் தர்சினி, பாலர் பாடசாலை ஆசிரியை. பின்னேரங்களில் வீட்டுக் கொம்பியூட்டரில், இணையம் வழியாக, நாலு பேர் அணியாகச் சேர்ந்து சுடுகிற விளையாட்டு ஒன்றை ஆடுவாள். பகலில் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைக்கிற அதே கைதான், குறி தவறாது. அணித் தலைவன் உடுப்பிட்டி ஜெயரூபன். எட்டு மாதம் பாடுபட்டு ஒரு போட்டியின் கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டார்கள். அது வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு.

அந்த நேரம் பார்த்துத்தான் வியாதி தொடங்கியது. ஆட்டம் உச்சத்தில் நிற்கும்போது திரை தன்பாட்டில் சுருங்கி, அடியில் போய் ஒளிந்துகொள்ளும். அவள் அதை மேலே எடுப்பதற்குள் எதிராளி அவளைச் சுட்டு முடித்திருப்பான்.

திங்கட்கிழமை சீவரத்தினம் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். விசிறியில் அடைந்திருந்த தூசியைத் தட்டினார். வைரஸ் தேடினார். மேலே எட்டிப் பார்க்கிற அறிவிப்புகளையெல்லாம் நிறுத்தினார். பிறகு அரை மணித்தியாலம் தானே உட்கார்ந்து விளையாடினார். ஏழு தரம் செத்தார்; ஆனால் ஆட்டம் ஒருதரமும் சுருங்கவில்லை.

"பிள்ளை, பெட்டியிலை ஒரு பிழையும் இல்லை. உன்ரை விரல்தான் அந்த விண்டோஸ் கீயிலை படுது. அதிலை பட்டால் ஆட்டம் கீழை போயிடும்."

"இல்லை மாமா, நான் அந்தப் பக்கமே போறேல்லை."

"முப்பத்தைஞ்சு வருஷமா நான் உதுதான் செய்யிறன். எனக்குத் தெரியாதே?"

பேனாக்கத்தியை எடுத்து அந்தக் கீயைக் கிண்டிக் கழற்றி அவள் கையிலேயே கொடுத்தார். கீபோர்ட் பல்லுப் பிடுங்கின வாய் மாதிரிக் கிடந்தது. அன்று பின்னேரம் ஜெயரூபன் தொலைபேசியில் கேட்டபோதும் அதையேதான் சொன்னார்: "பெட்டி சுத்தம் தம்பி. பிள்ளையின்ரை கைதான்."

வியாழக்கிழமை தர்சினி கடை வாசலில் வந்து நின்றாள். ஸ்கூட்டியை விட்டு இறங்கவில்லை.

"நேற்றும் போச்சுது மாமா. கீயே இல்லை. இனி எந்த விரல் படுறது?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே மிச்சத்தையும் சொன்னாள். "ஜெயரூபன் என்னை நிப்பாட்டிப் போட்டு, தன்ரை மச்சானைச் சேத்திட்டான். பயத்திலை நானே ஏதோ கீயை அமத்திப் போட்டு ஓடுறனாம். சீவாண்ணை சொன்னால் சரியாத்தான் இருக்குமாம்."

கடைசி வசனம் அவரைக் குத்தியது. எட்டு மாத உழைப்பு அவருடைய ஒரு சொல்லில் போயிருக்கிறது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு இணுவிலுக்குப் போனார். அவளைக் கதிரையில் இருத்தி விளையாடச் சொல்லி, பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். பால் விடாத பிளேன்ரீ ஒன்று வந்து ஆறிப்போயிற்று.

"இதுக்கு முன்னம் எத்தினை மணிக்குப் போனது எண்டு ஏதும் ஞாபகம் இருக்கே?"

"கலண்டரிலை குறிச்சனான். ஞாயிறு அஞ்சு பதினாறு, பிறகு ஆறு பதினாறு. புதன் அஞ்சு பதினெட்டு."

சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஐந்து பத்தொன்பதாக ஒரு நிமிடம்கூட இல்லை. "ரெண்டு கையையும் மேலை தூக்கு."

"சுடுவாங்கள் மாமா!"

"சுடட்டும். தூக்கு!"

அவள் கைகளைத் தூக்கினாள். ஒருவரும் தொடாமல், அவருடைய கண்ணுக்கு முன்னால், ஆட்டம் சுருங்கிக் கீழே விழுந்தது.

மணித்தியாலத்துக்கு ஒருதரம். ஆனால் மூன்று நாளைக்கு ஒன்று, இரண்டு நிமிடம் தள்ளித் தள்ளிப் போகிறது. மணிக்கூட்டைப் பார்த்து நடக்கிற எதுவும் இப்படி நகராதே என்று அவர் யோசித்துக்கொண்டிருக்க, அடுத்த அறையில் சாத்திரியார் யாருக்கோ தொலைபேசியில் சொல்வது கேட்டது: "இண்டைக்குச் சூரியன் உதிச்சது ஆறு பத்தொன்பதுக்கு. இப்பதான் குரு ஓரை துடங்குது. நல்ல நேரம், போய்க் கதையுங்கோ."

சீவரத்தினம் ஸ்டூலை விட்டு எழும்பிவிட்டார்.

ஓரை சூரிய உதயத்திலிருந்து எண்ணப்படுவது. மணித்தியாலத்துக்கு ஒருதரம் மாறும். பத்து நாளைக்கு முன், சாத்திரியார் கேட்டார் என்று, ஓரை காட்டுகிற ஒரு புரோகிராமை இதே கொம்பியூட்டரில் போட்டது அவரேதான். ஒவ்வொரு ஓரைக்கும் அது பெரிதாக முன்னால் வந்து நின்றது. கிழவருக்கு அது இடைஞ்சல் என்று, அதை மறைத்து, மூலையிலிருக்கிற சின்னப் படத்தின் நிறம் மட்டும் மாறுகிறபடி தன்னுடைய கெட்டித்தனத்தைக் காட்டியிருந்தார். மறைத்தாலும் அது ஒரு கண் இமைப்புக்கு முன்னால் வந்துதான் போகிறது. அந்த இமைப்பில் ஆட்டம் விழுகிறது. அவர் விளையாடிப் பார்த்த அரை மணித்தியாலத்தில் ஓரை மாறவில்லை, அவ்வளவுதான்.

இவ்வளவும் அவருடைய தலைக்குள்தான் இருந்தது. புதுசாக ஒரு வைரஸ் என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. அவள் நம்புவாள், ஜெயரூபன் நம்புவான், இன்னும் கொஞ்சம் புகழும் சேரும். முப்பத்தைந்து வருடத்தில் எத்தனை பேரிடம் 'உங்கடை கைதான்' என்று சொல்லி அனுப்பினோம் என்று நினைத்துப் பார்த்தார். அதில் எத்தனை கை உண்மையாகவே பிழை செய்தது? பெரிய வாயோடு வாழ்ந்தவனுக்குத்தான் தெரியும், சில சின்ன வசனங்கள் எவ்வளவு பாரம் என்று.

புரோகிராம் தானாகத் தொடங்காமல், கூப்பிட்டால் மட்டும் வருகிற மாதிரி மாற்றி, அதைச் சாத்திரியாருக்கும் சொன்னார்.

"அப்ப நான் ஒவ்வொரு நாளும் அமத்தோணுமே?" என்றார் சாத்திரியார், கதவில் சாய்ந்துகொண்டு.

"நாப்பது வருஷம் பஞ்சாங்கத்தைக் கையாலை புரட்டினனீங்கள் ஐயா. ஒரு அமத்துக்கு விரல் தேஞ்சுபோகாது."

ஆறு பத்தொன்பது வந்தது, போனது. ஆட்டம் அசையவில்லை. தர்சினி மூச்சை விட்டாள். ஆனால் முகம் மலரவில்லை. "இனி என்ன மாமா, என்ரை இடம் போச்சுதே."

அவர் தொலைபேசியை எடுத்து ஜெயரூபனை அழைத்து, அவளுக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தார்.

"தம்பி, சீவரத்தினம் கதைக்கிறன். திங்கட்கிழமை நான் உனக்குச் சொன்னது பிழை. பிள்ளையின்ரை கையிலை ஒண்டுமில்லை. நான் போட்ட புரோகிராம்தான் அவளை விழுத்தினது. என்ரை பிழை. ஞாயிற்றுக்கிழமை அவளை விளையாட விடு."



"சரியண்ணை. தர்சினியக்கா அணியிலை நிக்கட்டும். மச்சானுக்கு நான் சொல்லுறன்." பிறகு மெல்ல இழுத்தான். "ஆனால் அண்ணை... என்ரை பெட்டியும் நீங்கள்தானே பாத்தனீங்கள்? போன மாதம், மவுஸ் துள்ளுது எண்டு கொண்டந்தன். என்ரை கை நடுங்குது எண்டு சொல்லி விட்டனீங்கள்."

தர்சினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சீவரத்தினம் சிரிக்கவில்லை. ஆறின பிளேன்ரீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"நாளைக்குக் காலமை கொண்டு வா," என்றார். "இந்த முறை பெட்டியை நான் வடிவாய்ப் பாக்கிறன்."