விசில் கேட்டவளின் பாட்டு

காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் மகளிர் தின விழா. வரலாறு மறந்த பெண்களைப் பற்றிப் பாட வேண்டும் என்று எங்கள் பாட்டுக் குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள். குழு என்றால் நானும், சின்ன வயதிலிருந்து என்னோடு பாடும் தோழியும், மேளம் அடிக்கும் அவள் கணவரும்தான். யாரைப் பாடுவது என்று கேட்டேன். பேராசிரியை சொன்னதெல்லாம் ராணிகள். குதிரை ஏறியவர்கள், வாள் பிடித்தவர்கள். சிலை இருக்கிறது, தெருவுக்குப் பேர் இருக்கிறது. இவர்களை யார் மறந்தார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலில்தான் என் அத்தையைப் பற்றிப் பாட்டுக் கட்டினேன்.

அத்தை என் அப்பாவின் அக்கா. மலைமேல் திண்ணனூர் நாட்டில் இருக்கும் எங்கள் ஊருக்கு ரோடு வெட்டியபோது கல் உடைக்கப் போனவள். பாறைக்கு வெடி வைக்கும்போது மேஸ்திரி கத்துவார், ஓட வேண்டும். ஒருநாள் கத்த மறந்துவிட்டார். அத்தையோடு ஒரே சட்டியில் சோறு தின்ற ஒருத்தி அந்த இடத்திலேயே போய்விட்டாள். பிணத்தைத் தார்ப்பாயில் சுற்றி ஓரமாகக் கிடத்திவிட்டு, மத்தியானத்துக்கு மேல் வேலையைத் தொடங்கச் சொன்னார் காண்ட்ராக்டர்.

அத்தை சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு லாரிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். மற்ற பெண்களும் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். செத்தவளை ஜீப்பில் ஏற்றி அவள் வீட்டில் சேர்க்க வேண்டும், இனி வெடிக்கு முன்னால் விசில் ஊத வேண்டும் என்றாள். இரண்டும் நடந்தன. ரோடு முடியும்வரை விசில் ஊதினார்கள். அதைக் கேட்க அத்தை மட்டும் அங்கே இல்லை. மறுவாரமே அவளை நிறுத்திவிட்டார்கள்.

'வெடிக்கு முன்னே விசிலு கேட்டா, அந்த விசிலுக்குள்ளே உசிரு கேட்டா' என்று தொடங்கினேன்.

கல்லூரியில் அட்டைக் கிரீடம் வைத்த ராணிகள் எல்லாம் ஆடி முடித்து, சாப்பாட்டுக்கு நாற்காலிகள் நகரும்போதுதான் எங்களுக்கு மைக் கிடைத்தது. இருந்தும் எழுந்துபோன பிள்ளைகள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். யாரோ போனில் எடுத்துப் போட, மலை முழுக்கப் பரவிவிட்டது. அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"ஏன் கண்ணு, இதையெல்லாமா பாடுவாங்க?" என்றாள். பிறகு இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

அந்த வருடமே ரோட்டை அகலப்படுத்தித் திறப்பு விழா வைத்தார்கள். பழைய காண்ட்ராக்டர் இறந்துவிட்டார். அவர் மகன் இப்போது பெரிய புள்ளி; விழாவே அவர் ஏற்பாடு. தோழியை மட்டும் பாட அழைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. "நம்ம பாட்டப் போடறாங்களாம்" என்று யாரோ சொல்ல, முட்டி வலியோடு அத்தை நல்ல சேலை கட்டிக்கொண்டு என்னோடு கிளம்பினாள்.

தோழி பாடினாள். மெட்டு என்னுடையது. 'மலையக் கொடஞ்சு ரோடு தந்தார்' என்று வரிகள் மாறியிருந்தன. அத்தை புரியாமல் கொஞ்ச நேரம் தலையாட்டினாள். காண்ட்ராக்டரின் பெயர் வந்ததும் தலை நின்றுவிட்டது.

நான் மேடை ஓரம் போய் அந்த மகனிடம் சொன்னேன். "ஏனுங்க, இது எங்க அத்தையைப் பத்துன பாட்டுங்க."

"மெட்டு எல்லாருக்கும் பொதுதானுங்க அக்கா. அவங்களுக்கும் ஒரு சால்வை போட்டுருவோம்" என்று சிரித்தார்.

போட்டார்கள். 'அந்தக் காலத்தில் ஐயாவிடம் வேலை பார்த்த அம்மா' என்று மைக்கில் அறிவித்துப் போட்டார்கள். அத்தை கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தாள். தோழி என் முகத்தைப் பார்க்காமல், "பெரிய எடத்துல கேட்டாங்க, எப்படி மாட்டேங்கறது?" என்றாள்.

வீடு வந்ததும் அத்தை சால்வையைக் கயிற்றில் போட்டுவிட்டுச் சொன்னாள்: "செத்துப்போனவளப் பத்தி ஒரு வார்த்த வரலியே, கண்ணு. இனி நீ அந்தப் பாட்டப் பாடாத. கேட்டா அந்தாளு பேருதான் காதுல உழுகுது."

அடுத்த மழைக்காலத்தில் அத்தை போய்ச் சேர்ந்தாள். எழவு வீட்டில் பெண்கள் அந்தப் பாட்டைத்தான் பாடச் சொல்லிக் கேட்டார்கள். அத்தை சொல்லை மீற மனம் வராமல், எல்லோருக்கும் பாடும் ஒப்பாரியையே அவளுக்கும் பாடினேன்.

தோழி குரலில் அந்தத் திறப்பு விழாப் பாட்டு இப்போது எங்கள் பஸ்ஸில் ஓடுகிறது. ஏறும் பிள்ளைகளுக்கு மனப்பாடம். போன வாரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "நல்ல பாட்டுங்க, யாரு கட்டுனதோ" என்றாள். தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.