எழுமலைக்குத் தெற்கே ஒரு தீவு

டிராவல்ஸ் முதலாளி அண்ணே, நீங்கள் பொய் சொன்னீர்கள்.

கார்த்திகையில், ஒத்தக்கடையில் எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு வந்து, திரையில் நீலக் கடலைக் காட்டி, "மதுரையைச் சுத்தி என்ன சார் இருக்கு? பொட்டக்காடு. மனுசன் கெடுக்காத தீவைப் பாக்கணும்னா பிளைட்டுதான் ஏறணும்" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர் எழுமலைப் பக்கத்துக்காரர். தன் ஊர்க் கண்மாயின் நடுவில் ஒரு தீவு இருப்பதாக அவர் பல முறை சொல்லியிருக்கிறார். மார்கழி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டேன். போகாதவர்களுக்காக எழுதுகிறேன்.

காலை ஐந்தரைக்கு டவுன் பஸ். ஆறரைக்கு ஆரப்பாளையம். அங்கிருந்து உசிலம்பட்டிக்கு டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். இறங்கி நாலு இட்லி, ஒரு வடை, நாற்பது ரூபாய். அந்தச் சட்னியை எந்தத் தீவிலும் தரமாட்டார்கள். பிறகு எழுமலை பஸ். எழுமலையிலிருந்து தெற்கே நாலு கிலோமீட்டரில் மேலக்கரட்டுப்பட்டி. ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய்.

"கண்மாய்க்கா? மீன் வாங்கவாண்ணே?" என்றார் ஆட்டோக்காரர்.

"தீவு பாக்க."

"அது திட்டுண்ணே. தீவுன்னு வெளிய சொல்லிறாதீக, டிக்கெட் போட்டுருவாய்ங்க."

எட்டே முக்காலுக்குக் கரையில் ஏறினேன். மேற்கே மலை. முன்னால் கரை ததும்பத் தண்ணீர். நடுவில் நாட்டுக் கருவேல மரங்கள் அடர்ந்த திட்டு. மரம் தெரியவில்லை, பறவைதான் தெரிந்தது. நாரை, கொக்கு, நீர்க்காகம், கிளைக்குக் கிளை கூடு. ஒரு பிளாஸ்டிக் பாட்டில் கூட மிதக்கவில்லை. ஒரு கடை இல்லை, ஒரு போர்டு இல்லை. ஏன் போக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இது போதாதா?

கண்மாயில் மீன் பிடிக்கும் பாண்டியம்மாள் அக்கா என்னைத் தெப்பத்தில் ஏற்றிக்கொண்டார். தெர்மாகோல் பலகைகளைச் சாக்கில் பொதிந்து கட்டிய தெப்பம்.

"ஆழம் எம்புட்டுக்கா?"

"ஒங்க கழுத்துக்கு வரும். ஆடாம ஒக்காந்தா அந்தக் கணக்கு ஒங்களுக்கு எதுக்கு?"

திட்டில் யாரும் கால் வைக்கக் கூடாது. குஞ்சுகள் பறக்கும்வரை ஊர்க்காரர்களுக்கும் அதே சட்டம்தான். இருபதடி தள்ளி நிறுத்தினார். ஒரு நாரை தலைக்கு மேல் வந்து, இறக்கையை விரித்து, கூட்டில் இறங்கியது. எனக்கு ஒரே பெருமை. நம்ம ஜில்லா! வாயில் விரலை வைத்து விசிலடித்துவிட்டேன்.

திட்டே எழும்பியது. வானம் இருண்டது. அந்த அமளியில் ஒரு கூட்டிலிருந்து குஞ்சு ஒன்று தண்ணீரில் விழுந்தது. அக்கா துழாவி எட்டிப் பிடிப்பதற்குள் அதன் உயிர் அடங்கிவிட்டது.

"தியேட்டருக்கா வந்தீக? படிச்ச ஆளுதானே?" என்றார். குஞ்சு அவர் உள்ளங்கையில் கிடந்தது. நான் தலையைத் தொங்கப் போட்டிருந்தேன்.

பிறகு அவராகவே சொன்னார்: "எங்க வீட்டுக்காரரு போன ஐப்பசியில செத்தாரு. கொட்டு இல்ல, ஒத்த வெடி இல்ல. சொந்தக்காரவுக, ஊமைப் பொணமா தூக்குறீகளேன்னு கேட்டாக. பறவை அடைஞ்சிருக்குல்லன்னு சொன்னேன். இங்க எல்லா வீட்லயும் இப்படித்தான்."

மதுரை ஜில்லாக்காரனுக்கு இது புரியும். நாங்கள் சாவைச் சத்தமாக அனுப்புகிறவர்கள். தன் வீட்டுச் சாவையே சத்தமில்லாமல் அனுப்புகிற ஊர் இது. நான் பார்த்த ஊர்களில் இதற்குச் சமமாக ஒன்றும் இல்லை.

"ஒத்த விசிலுக்கு ஒரு குஞ்சு. மோட்டார் படகு விட்டா என்னாகும்?" என்றார் அக்கா.

"யாருக்கா மோட்டார் படகு விடுறா?"

சுருக்குப் பையிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினார். அதில் உங்கள் முகம் அண்ணே. அதே கோட்டு, அதே சிரிப்பு. திட்டில் ஆறு குடில், கரையில் ஓட்டல், இரண்டு மோட்டார் படகு, இதுதான் உங்கள் திட்டமாம். ஐப்பசியிலேயே வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். ஊரில் பாதிப் பேர் சரி என்கிறார்களாம். ஜனவரி இருபத்தாறு கிராம சபையில் முடிவெடுக்கப் போகிறார்களாம்.

"வேண்டாம்னு சொல்ல நான் ஒருத்தி எந்திரிப்பேன். மத்தவுக எந்திரிப்பாகளான்னு தெரியல தம்பி."

பதினொன்றரைக்குக் கரை ஏறினேன். குஞ்சை அவர் கரையோரம் புதைத்தார். குழி நான் தோண்டினேன். சாயங்காலம் ஒத்தக்கடையில் இறங்கியபோது ஒரே ஹாரன். எங்கள் தெருவை நாங்கள் எவ்வளவு கெடுத்து வைத்திருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

வாசகர்களே, போங்கள். கரையில் நின்று பாருங்கள், வாயை மூடிக்கொண்டு பாருங்கள்.

முதலாளி அண்ணே, பொட்டக்காடு என்று எங்களிடம் சொன்னபோது அந்தத் திட்டின் அளவு உங்கள் பையில் இருந்தது. இருபத்தாறாம் தேதி மேலக்கரட்டுப்பட்டிக்கு வாருங்கள். பாண்டியம்மாள் அக்கா எழுந்து நிற்பார். பக்கத்தில் நானும் நிற்பேன். வெடியில்லாமல் பிணம் தூக்கிய அந்த ஜனத்துக்கு முன்னால், உங்கள் மோட்டாருக்கு என்ன நியாயம் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்.