மாமா ஏந்திய தீச்சட்டி

எங்கள் மாமாவுக்குத் திடீரென்று பக்தி வந்தபோது ஊரில் ஒருவரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. அம்மாவின் தம்பியான அவர் கோயில் பக்கம் போவதே பொங்கல் வாங்கத்தான். அப்படிப்பட்டவர், பட்டாளத்துக்கு ஆள் எடுக்க லாரி வருகிறது என்று தமுக்கடித்த மறுநாளே, மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கப்போவதாக மணிக்கட்டில் காப்புக் கட்டிக்கொண்டு வந்து நின்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? காப்புக் கட்டியவர் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

அது ஜப்பான்காரன் சண்டை நடந்த காலம். வீட்டுக்கு ஒருவன் போனால்தான் ஊருக்குக் கௌரவம் என்று அப்பா பேசித் திரிந்தார். எனக்கும் அதே ஆசைதான். பட்டாளத்து மாமா இருந்தால் பள்ளிக்கூடத்தில் எவள் என்னிடம் வாலாட்டுவாள்? மாமாவோ பயந்தாங்கொள்ளி என்று பெயரெடுத்தார். எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

திருவிழாவன்று கைக்கும் சட்டிக்கும் நடுவில் வேப்பிலையை மட்டும் வைத்து ஏந்தி வந்தார். உள்ளே வெறும் சாம்பலாக இருக்கும் என்று கிட்டப் போய் எட்டிப் பார்த்தேன். புருவம் பொசுங்கியதுதான் மிச்சம்.

காப்பை அவிழ்த்ததும், ஆள் எடுக்க வந்த மீசைக்காரர் கோயில் வாசலிலேயே அவரை மடக்கினார். “நெருப்புக்கே பயப்படாத ஆளு நீ. லாரியில ஏற என்னப்பா பயம்?”

“பயமில்லய்யா,” என்றார் மாமா. “இந்தச் சட்டி சுட்டா என் கையத்தான் சுடும். நீங்க குடுக்குற துப்பாக்கி, எனக்கு ஒரு கெடுதலும் பண்ணாதவனையில்ல சுடும். அதுக்கு நான் வரல.”

அப்பாவின் முகம் கறுத்துப்போனது. “தேசத்துக்காகன்னு சொல்றாகல்ல?”

“சொல்றவுக போகட்டும் மச்சான்.”

அன்று சாயங்காலமே லாரி புறப்பட்டது. மாமாவோடு கபடி ஆடியவர்கள் அத்தனை பேரும் அதில் நின்று கையசைத்தார்கள். மாமாவின் உள்ளங்கை கொப்புளித்திருந்தது. பொய்யாக நேர்ந்துகொண்டவனை அம்மன் சுட்டுவிட்டாள் என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

லாரி போன கம்பம் சாலையில் புழுதி அடங்கும்வரை மாமா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. கண்களிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

“கை எரியுதா மாமா?” என்று கேட்டேன்.

“ஆமாத்தா,” என்றார்.

அந்தத் திருவிழாவில் அவர் சொன்னவற்றில் அதை மட்டும்தான் நான் நம்பினேன்.