கருவியின் மேல் போட்ட துண்டு

நூம்பலில் என் பக்கத்து வீட்டுத் துலுக்கானம் பன்னிரண்டு வருடம் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கியவன். இருமினால் கறுப்புக் கோழை வரும். நர்ஸ் வேலை பார்த்த நான்தான் மருந்து கொடுப்பேன்.

1991-இல் துறைமுகத்தில் காற்றின் தூசியை அளக்க அதிகாரிகள் ஒரு கருவி வைத்தார்கள். தூசி மிகுந்தால், கரியை நனைத்தே இறக்க வேண்டுமென்று உத்தரவு வரும். ஆனால் தூசி குறைவென்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

“எப்படிடா?” என்றேன்.

“வெலை ஒசந்த மிஷினு நர்சம்மா. கரி பூந்து கெட்டுடப் போவுதுன்னு ஈரத்துண்டு போத்தி வெச்சேன். அவங்க வரசொல்ல எடுத்துட்டேன்.”

“மடையா! அந்தத் துண்டைக் கொடு. அவங்ககிட்டயே காட்டலாம்.”

அவன் மனைவி நாகவல்லி கொடியில் காய்ந்த துண்டைக் காட்டினாள். “இப்பதாம்மா மூணு தண்ணி ஊத்தி அலசினேன்.”

சிரிக்கப் போன துலுக்கானம் இருமத் தொடங்கினான். நான் கோழைக் கிண்ணத்தை நீட்டினேன்.