டாக்டரம்மாவைத் தெரியாது என்றேன்

சாயங்காலம் வடமதுரையிலிருந்து திண்டுக்கல் வரும் பஸ்ஸில் சரியான கூட்டம். நானும் என்னோடு வேலை பார்க்கும் ஸ்டெல்லா டீச்சரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

முன் சீட்டில் இருந்தவரைக் காட்டி டீச்சர் காதைக் கடித்தார். "அந்த டாக்டரம்மாவத் தெரியுமா? குடி, மாத்திரைன்னு அடிமையாகிப் போனவங்களுக்கு வைத்தியம் பாக்குறாங்களாம். அங்க போறதெல்லாம் எப்பேர்ப்பட்ட ஆளுகளோ!"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன். கூடச் சேர்ந்து சிரிக்கவும் செய்தேன்.

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு வருஷமாக நான் அவரிடம்தான் போகிறேன். இடுப்பு வலிக்கென்று போட ஆரம்பித்த மாத்திரை, வலி இல்லாத நாளிலும் விட முடியாமல் போனது. அதிலிருந்து என்னைக் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டவர் அவர். என் வலியை வீட்டிலேயே யாரும் நம்பாதபோது நம்பியவர்.

வீட்டுக்கு வந்ததும் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

"அட, விடுங்க டீச்சர். என்கிட்ட வர்றவங்க யாரையும் வெளிய பாத்தா அவங்களாப் பேசாம நான் பேச மாட்டேன். அம்புட்டுத் தூரம் நின்னுக்கிட்டே வந்தீங்களே, இடுப்பு தாங்குச்சா?"

திட்டியிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது.

ஸ்டெல்லா டீச்சர், நீங்களும் இந்தப் பதிவைப் படிப்பீங்கன்னு தெரியும். அங்கே போகிற ஆளுகளில் நானும் ஒருத்தி. நாளைக்கு ஸ்டாஃப் ரூமில் என் பக்கத்தில் உட்காருவீங்களா, இல்லை நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்குவீங்களா? மற்றவர்களும் சொல்லலாம்.