பொத்துவிலுக்குக் கட்டிய பைகள்

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் கிளாக்கராக இருந்தேன். கூலி ஆட்களின் லயத்தில் பிறந்தவன் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அந்தக் காலத்தில் சின்ன விஷயமில்லை. அந்த நாற்காலிக்காக எத்தனை தடவை வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். சீமைக்குத் திரும்பிப் போன உதவித் துரை ஒருவரிடமிருந்து ஒரு பழைய சைக்கிள் வாங்கியிருந்தேன். ஆபீஸ் வேலையாகப் பதுளைக்குப் போகும்போதெல்லாம் அதில்தான் போவேன்.

பதுளைக் கடைத்தெருவில் எனக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். முஸ்லிம், என்னைவிட மூத்தவர். அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவேன். மண்வெட்டியும் கவ்வாத்துக் கத்தியும் விற்கிற இரும்புக் கடை அவருடையது. கடையின் மூலையில் சைக்கிள் டயரும் டியூப்பும் தொங்கும். அவருடைய அக்காவைக் கிழக்குக் கடற்கரையில், பொத்துவிலில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். வருஷக்கணக்காக அக்காவைப் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

ஒரு நாள் என் சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"தம்பி, பசறையால எறங்கி, மொனராகலைக்குப் போய், அங்கயிருந்து காட்டு வழியா சைக்கிள்லயே பொத்துவில் போனா என்ன?"

"காட்டுல ஏது நானா ரோடு?"

"வண்டித் தடம் இருக்கு. மாடு போற எடத்துல சைக்கிள் போகாதா?"

அன்றைக்குப் பிடித்தது அந்தப் பைத்தியம். அடுத்த மழையில்லாத காலத்தில் கிளம்புவது என்று முடிவு செய்தோம். உப்பும் கருவாடும் கொண்டுவரும் வண்டிக்காரர்களை நானா கடைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து வழி விசாரித்தார். தண்ணீர் எங்கே கிடைக்கும், மணல் எங்கே ஆழம், யானை எந்த ஆற்றங்கரையில் இறங்கும் என்றெல்லாம் கேட்டுக்கொண்டோம். முள்தான் பெரிய எதிரி என்றார்கள். அதனால் டயருக்கும் டியூப்புக்கும் நடுவே பழைய கித்தான் துணியைப் பட்டையாக வெட்டி வைத்தோம். சைக்கிள் கனத்துப் போனது; ஆனால் முள் குத்தினால் டியூப் வரை போகாது.

பைகள் என் பொறுப்பு. முதலில் ஒரே மூட்டையாகப் பின்னால் கட்டி, தோட்டத்து வண்டிப்பாதையில் ஓட்டிப் பார்த்தேன். முதல் வளைவிலேயே மூட்டை சரிந்து, சைக்கிளும் நானும் தேயிலைச் செடிக்குள் கிடந்தோம். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பு மலை முழுக்கக் கேட்டது. பாரம் தாழ்வாக, இரண்டு பக்கமும் சமமாகத் தொங்க வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. தேயிலை ஸ்டோரில் மிஷின் பழுது பார்க்கும் கொல்லரிடம் சொல்லிப் பின் சக்கரத்துக்கு மேலே ஓர் இரும்புச் சட்டம் அடித்துப் பூட்டினேன். பழைய கூடாரத் துணியில் இரண்டு பைகளை நானே தைத்தேன். ஊசி குத்தி விரலெல்லாம் புண். மழை உள்ளே போகாமல் மூடி வைத்து, வாரில் இழுத்துக் கட்டும்படி செய்தேன். வறுத்த அரிசிமாவு, சீனி, தேயிலை, காட்டுக் காய்ச்சலுக்குக் கொயினா, ஒட்டுப் போடும் பசை, காற்றடிக்கும் பம்பு எல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. என் மனைவிகூட ஆரம்பத்தில் திட்டிவிட்டுக் கடைசியில் மாவை அவளே வறுத்துக் கொடுத்தாள்.

பிறகு தோட்டத்துத் துரையிடம் லீவு கேட்டேன்.

"லீவு எதுக்கு?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஆபீஸை விட்டு வெளியே வந்து சைக்கிளைப் பார்த்தார். இரும்புச் சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். பையைத் திறந்து மூடினார். டயருக்குள் கித்தான் வைத்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். வழியைக் கேட்டார். நானும் மடையன்போல மகிழ்ந்துபோய் எல்லாவற்றையும் சொன்னேன். துரை ஒருவர் என்னிடம் நின்று பேசியது அதுதான் முதல் தடவை.

"நல்ல வேலை, கிளாக்கர். லீவு அப்புறம் சொல்றேன்" என்றார்.

அடுத்த முறை பதுளைக்குப் போனபோது நானா என் முகத்தைப் பார்க்காமல் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒங்க தொர கடைக்கு வந்தாரு. அவரும் அடுத்த தோட்டத்துத் தொரயும் பொத்துவில் போறாங்களாம். வழி காட்ட என்னய வரச் சொல்றாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல? தோட்டத்துக்கு மண்வெட்டி என் கடையிலதானே எடுக்கிறாங்க. ஏலாதுன்னு சொல்ல ஏலுமா?"

"அப்ப நான்?"

"ஒங்களையும் கூட்டிப் போகச் சொல்லிக் கேட்டேன் தம்பி. தொரயும் கிளாக்கரும் போனா ஆபீஸ யாரு பாக்கிறதுன்னு சொல்லிட்டாரு."

நானா நிஜமாகக் கேட்டாரா, கேட்கவில்லையா? இன்று வரை எனக்குத் தெரியாது. கேட்டிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

புறப்படுகிற வாரம் துரையின் சமையல்கார அப்பு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். பைகளையும் சட்டத்தையும் துரை வாங்கி வரச் சொன்னாராம். என் மனைவி கதவில் சாய்ந்து நின்று, "அரிசிமாவையும் கேட்டாரா?" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். கொல்லர் என் சைக்கிளிலிருந்து சட்டத்தைக் கழற்றித் துரையின் புது சைக்கிளில் பூட்டினார்.

அதோடு முடியவில்லை. கிளம்புகிற காலையில் வாரை எப்படி இழுத்துக் கட்டுவது என்று துரைக்குத் தெரியவில்லை. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, என்னைக் கூப்பிட்டார். மண்டியிட்டு உட்கார்ந்து, நான் தைத்த பையை அவருடைய சைக்கிளில் நானே கட்டினேன். நானா கொஞ்சம் தள்ளி, தன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். துரைகள் இருவரும் நானாவும் பசறை இறக்கத்தில் மறைந்தார்கள். நான் ஆபீஸுக்குப் போய் அன்றைய வேலையைத் தொடங்கினேன்.

நல்லபடியாகப் போய்த் திரும்பினார்கள். ஒரு டியூப்கூட ஓட்டையாகவில்லையாம். துரை எனக்கு ஒரு டின் பிஸ்கட் கொடுத்தார். பைகள் திரும்பி வரவில்லை; நானும் கேட்கவில்லை.

சில மாதம் கழித்துக் கடைக்குள் நுழைந்தபோது நானா யாரோ ஒருவரிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "தொரமார் மூளையே வேற. பைய ரெண்டு பக்கமும் தொங்கவிட்டு, டயருக்குள்ள துணியை வச்சு..."

"நானா, அந்தப் பையத் தச்சது யாரு?" என்றேன்.

அவர் திடுக்கிட்டார். பிறகு சிரித்தார். "அட, வாங்க தம்பி. பழசெல்லாம் எதுக்கு? டீ குடிக்கிறீங்களா?"

குடிக்கவில்லை. அதற்குப் பிறகு ஆணி ஒன்று வேண்டுமென்றாலும் எதிர்க்கடையில்தான் வாங்கினேன். சைக்கிளைப் பண்டாரவளைக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டேன்.

வருஷங்கள் போய், நானா தன் மகளின் கலியாணத்துக்குச் சொல்ல எங்கள் வீட்டுக்கு வந்தார். தாடி நரைத்திருந்தது. அக்காவைப் பார்த்துவிட்டு வந்த அடுத்த வருஷமே அவள் மவுத்தாகிவிட்டாள் என்றார். "அன்னைக்குப் போகாட்டி பார்த்திருக்கவே ஏலாது தம்பி." அவர் சொன்னது நிஜம்தான். அது என் கோபத்தை ஆற்றியிருக்க வேண்டும். ஆற்றவில்லை.

கலியாணத்துக்கு என் மனைவி மட்டும் போய் வந்தாள்.