ஜேக்கப் ஆற்றோடு போன கதை

கொடுத்ததை வரைவதுதான் டிராஃப்ட்ஸ்மேன் பிழைப்பு. அது நிஜமா என்று கேட்பது நம் வேலையில்லை. இருந்தாலும் வால்டர் சார் சொன்ன இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் சந்தேகப்பட்டேன். மேலதிகாரியின் சொந்த வேலையையும் சேர்த்துச் செய்து பழகிய தோழர்களுக்கு என் நிலைமை புரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். வளைகுடாவில், முசஃபா என்ற தொழிற்பேட்டையில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் வரைபட அறை. வால்டர் சார் எங்கள் அமெரிக்க இன்ஜினியர். அவருடைய அம்மாவுக்குக் கொள்ளுத்தாத்தா ஜேக்கப், அயோவா மாநிலத்தில் சோளம் பயிரிட்டவர். விளைச்சல் பொய்த்த ஒரு வருடம், மனைவி மக்களை விட்டுவிட்டு மேற்கே ரயில் பாதை போடக் கூலிக்குப் போனார். ஆற்றைக் கடக்கும்போது மூழ்கிவிட்டார். உடல் கிடைக்கவில்லை. இதுதான் கதை. அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. தான் கண்ணை மூடுவதற்குள் ஜேக்கப்பின் மனைவி கல்லறைக்குப் பக்கத்தில் அவருக்கும் ஒரு கல் நட்டுவிட வேண்டும் என்று ஆசை. அதற்காக வால்டர் சார் வம்சத்தைத் தேட ஆரம்பித்தார்; ஜேக்கப்பை அடியில் வைத்து அந்த வம்ச மரத்தை நான் வரைய ஆரம்பித்தேன்.

அஸ்திவாரம்

அயோவாவிலிருந்து ஏதாவது ஓர் அத்தை ஃபோனில் புதுப் பெயர் சொன்னால், மறுநாள் என் மேஜைக்குத் திருத்தம் வந்துவிடும். கட்டட வரைபடத்துக்குச் செய்வதுபோலவே மாறிய இடத்தைச் சுற்றி, திருத்தத்துக்கு அடையாளமாக, மேகம் வரைவேன். அந்தக் குடும்பத்தின் மேல் எப்போதும் மேகங்கள் மிதந்துகொண்டிருந்தன.

ஸ்டோர் கீப்பர் காதர், கீழக்கரைக்காரர், ஒருநாள் எட்டிப் பார்த்தார். “இது என்ன பில்டிங் அண்ணே? கீழ ஒத்த ஆளு, மேல இத்தனை பேரு. பவுண்டேசன் தாங்குமா?”

கூரை

ஷீட்டின் மூலையில் ஜேக்கப்பின் வீட்டையும் வரையச் சொன்னார் வால்டர் சார். மதியச் சாப்பாடு முடிந்து ஏசி முனகிக்கொண்டிருக்கும் நேரத்தில், அம்மா சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். காற்றடித்தால் சோளக்கொல்லைக்குள் யாரோ நடந்து வருவதுபோல் சத்தம் கேட்குமாம். எங்கள் ஜன்னலுக்கு வெளியே கானல் நெளியும். அதிலேயே நான் அந்தச் சோளக்கொல்லையைப் பார்த்தேன். அதன் கடைசியில் ஒருவர் திரும்பிப் பார்க்காமல் போவதையும் பார்த்தேன்.

பென்சில் அதுபாட்டுக்கு நகர்ந்திருக்கிறது. பழக்க தோஷத்தில் தட்டைக் கூரை போட்டு, கைப்பிடிச் சுவர் எழுப்பி, தண்ணீர்த் தொட்டியும் வைத்துவிட்டேன். வால்டர் சார் விழுந்து விழுந்து சிரித்தார். “ஒரு குளிர்காலப் பனிக்கே இந்தக் கூரை உட்கார்ந்துவிடும். இந்த வீட்டில் இருந்திருந்தால், சாவதற்கு ஜேக்கப் ஆறு வரைக்கும் போயிருக்க வேண்டாம்.”

பெட்டி

எங்கள் கேம்ப்பில் ஒரு வெல்டர் மாரடைப்பில் இறந்துபோனார். புதுக்கோட்டைப் பக்கம். நம் வழக்கம்தான் தெரியுமே: அடுத்து லீவில் போகிறவர் இறந்தவரின் பெட்டியை வீட்டில் சேர்க்க வேண்டும். காதர் கொண்டுபோனார்.

திரும்பி வந்தவரிடம், பெட்டியைத் திறந்து எல்லாம் சரியாக இருக்கிறதா என்று வெல்டரின் மனைவி பார்த்தாளா எனக் கேட்டேன். “எங்கண்ணே திறந்துச்சு? அத ஓரமாத் தள்ளிட்டு, கடைசியா என்ன சாப்பிட்டாருன்னுதான் கேட்டுச்சு.”

கல்

அதற்குப் பிறகு, ஜேக்கப்பின் கதையில் ஓர் ஆள் குறைவதாகவே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. ரயில் பாதை போட்ட கூடாரத்தில் அவருக்கும் கூட்டாளிகள் இருந்திருப்பார்களே? ஒரு சட்டையையாவது யாராவது வீட்டுக்குக் கொண்டு வந்திருக்க மாட்டார்களா? ஆனால் கேட்க வாய் வரவில்லை. என் சந்தேகத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம். லீவு முடிந்து ஊரிலிருந்து வேலைக்குத் திரும்பும்போது, விமானம் மேலே ஏறியதும் எனக்குள் ஒரு நிம்மதி பரவும். ஐம்பதைத் தாண்டியும் அதை என் மனைவியிடம் சொன்னதில்லை. இப்படிப்பட்டவன் கண்ணுக்கு யாரைப் பார்த்தாலும் ஓடிப்போனவராகத்தானே தெரியும்?

வால்டர் சார் கணக்கு முடித்து ஊர் திரும்பும் வாரம், கல்லில் வெட்ட வேண்டிய எழுத்துகளை வரையச் சொன்னார். மேலே பெயர். அதன் கீழே, ஆற்றில் மூழ்கி இறந்தார். “அம்மா காத்திருக்கிறாள். இதில் இனித் திருத்தம் கிடையாது.”

ட்ரேசிங் ஷீட்டில் தப்பாக விழுந்த கோட்டை பிளேடால் சுரண்டிவிடலாம், கல்லில் முடியாதே என்ற தொழில் பயத்தில் கேட்டேவிட்டேன்: “ஜேக்கப் மூழ்கியதை யாராவது வீட்டுக்கு வந்து சொன்னார்களா சார், இல்லை, அவர் மனைவியே பிள்ளைகளிடம் அப்படிச் சொல்லிவைத்தாரா?”